முனை கெடைச்சுதுங்களா?

படிப்பவரே, எனக்குச் சாட்சியாக நில்லுங்கள். பட்டிமன்ற மேடையில் நான் நடுவரை நோக்கித்தான் பேசிப் பழகியவன்; தீர்ப்பு அவர் கையில் இருக்கும். இங்கே தீர்ப்பு வேண்டியதில்லை. அன்று காலை நொய்யல் கரை மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் தளத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் அந்தச் சாட்சிக் கூண்டில் உங்களை ஏற்றுகிறேன். கண்ணை மூடிக்கொள்ளலாமென்று தோன்றும் இடம் ஒன்று வரும். அங்கே மட்டும் மூடாதீர்கள்.

அந்தக் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். பேச்சுக்காகவே எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி மேடைகளில் நான் தோற்றது குறைவு. அதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. காலையில் ஒலிபெருக்கியில் அன்றைய இலக்கை அறிவிப்பது, பாதுகாப்பு வாரத்தில் சொற்பொழிவாற்றுவது, சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையருக்குத் தளத்தைச் சுற்றிக் காட்டுவது ஆகியவை என் பணிகள். "நீங்க நல்லாப் பேசறீங்க, போயிட்டு வந்து எல்லாத்துக்கும் சொல்லிக் குடுங்க" என்று கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு அவசர முதலுதவிப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள்.

அங்கே என் செருக்குக்கு விழுந்த அடி, வாயால் செய்யக்கூடியது அந்தத் தொழிலில் மிகக் குறைவு என்பதுதான். இடம் உனக்கே ஆபத்தில்லாததா என்று பார், ஓடும் மெஷினை நிறுத்து, கையுறை போடு, அடிபட்டவரிடம் நீ யாரென்று சொல், தொடலாமா என்று கேள், இரத்தத்தை அழுத்தி நிறுத்து, உள்ளே ஏறி நிற்பதை மட்டும் பிடுங்காதே. இந்தக் கடைசி விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். குத்திய பொருள் எதை அடைத்துக்கொண்டிருக்கிறது, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அது அசையாமல் சுற்றிலும் அணைகட்டி, அனுப்பிவை. அவ்வளவுதான் உன் வேலை.

திரும்பி வந்ததும் என்னைப் படமெடுத்து, "முதலுதவியாளர்" என்று எழுதி, தளத்துச் சுவரில் முதலுதவிப் பெட்டிக்கு மேலே ஒட்டினார்கள். நல்ல படம். சிரித்துக்கொண்டிருப்பேன்.

இனி ஊசி விதி. எதிரணியின் நியாயத்தை ஒளித்துவிட்டு வெல்பவன் பேச்சாளன் அல்லன். ஆகவே அது நல்ல விதி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கம்பெனியில் தைப்பவை பெரும்பாலும் கைக்குழந்தைகளின் உடுப்புகள். மெஷினில் ஊசி ஒடிந்தால் துண்டு துணிக்குள் தங்கிவிடலாம். கடல் தாண்டிப் போய் எங்கோ ஒரு பச்சைக் குழந்தையின் கழுத்தில் குத்தலாம். எனவே ஒடிந்த துண்டுகளையெல்லாம் தேடியெடுத்து, ஓர் அட்டையில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டதென்று காட்ட வேண்டும். காட்டினால்தான் ஸ்டோரில் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியுள்ள பீஸ், அதாவது தைத்த உடுப்பு, அத்தனையையும் ஒதுக்கிவைத்து, உலோகம் இருந்தால் கத்தும் கருவியால் ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். அதுவரை தையல் லைன் நிற்கும். லைன் நிற்கும்போது மேலாளர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில்கூட அப்படியொரு முகம் காணக் கிடைக்காது.

அன்று காலைத் தேநீர் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. "ஊசி ஒடிஞ்சிருச்சு!" என்று ஒரு கூச்சல் கேட்டது. கூச்சலில் ஊசி மட்டுமே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கழுத்துப்பட்டி தைக்கும் பேட்லாக் மெஷின் ஒன்றைச் சுற்றி ஒரு கூட்டமே மண்டியிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் டார்ச் அடித்தார், ஒருவர் காந்தத்தைத் தரையில் உருட்டினார், இரண்டு பெண்கள் வெட்டுத்துணிக் குவியலை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கிளறிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. அந்தத் தலைகளுக்கு மேலே, தூணில் சாய்ந்து, இடதுகையை வலதுகையால் தாங்கிக்கொண்டு, அந்த மெஷினில் தைக்கும் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே தைப்பவர். அவருடைய சுட்டுவிரலின் நகத்தைத் துளைத்து ஊசி இறங்கியிருந்தது. நகத்துக்கு மேலே கரும்புள்ளியாக ஒரு மயிரிழை உயரம்தான் துருத்திக்கொண்டிருந்தது. மீதி உள்ளே இருந்தது. அதன்மேல் பக்கத்து மெஷின்காரர் மெஷின் எண்ணெயைச் சொட்டியிருந்தார், எரிச்சல் அடங்குமாம். வெறும் குத்துக் காயமென்று நினைத்தார்களே தவிர, தேடும் முனை அதற்குள் இருக்குமென்று ஒருவரும் பார்க்கவில்லை. இரத்தம் நிற்பதற்காக விரலின் அடியில் இடுப்புப் பட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். விரல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டிருந்தது. எலாஸ்டிக் இழுத்துக்கொண்டே இருக்குமென்று எலாஸ்டிக்கோடு வாழும் இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டவுசருக்கு இறுக்கமாகாமல் அளவு பார்த்துத் தைக்கும் கைகள் விரலுக்கு மட்டும் அளவு பார்க்கவில்லை.

மெஷினின் சுவிட்சை அணைத்தேன். அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன். உங்க கையத் தொடலாங்களா?"

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "பொண்ணுப் பாக்க வந்தாப்புல கேக்கறாரு பாருங்க."

"தட்டு எங்கீங்க, தேங்கா பழம் எங்கீங்க?" என்றார் இன்னொருவர். மண்டியிட்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "தொடு தம்பி, சீக்கிரம் என்னமாச்சும் செய்யி. கை வெடிக்காப்ல இருக்கு" என்றார்.

எலாஸ்டிக்கை நூல்வெட்டியால் அறுத்தேன். இரத்தம் கொஞ்சம் கசிந்தது. அதைவிட முக்கியமாக, நிறம் திரும்பத் தொடங்கியது. இரத்தம் ஓடுகிறதா என்று விரல் நுனியின் சதையை மெல்ல அழுத்திவிட்டுப் பார்த்தேன். வெளுத்த இடம் சோம்பலாகச் சிவந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை நோக்கி ஓடினேன்.

பெட்டி பூட்டியிருந்தது.

சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார். இந்தப் பக்கத்துக்காரர், நடுவயதுக்காரர். பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"சாவி குடுங்க."

"சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. ஆனா உள்ள இருக்கறதெல்லாம் சீல் பிரிக்காததுங்க. அடுத்த வாரம் ஆடிட்டுங்க. பிரிச்சிட்டீங்கன்னா மறுக்கா வாங்கி வெக்கோணுமுங்க. சித்த இருங்க, பனியன் வேஸ்ட்டு நல்லதாப் பாத்துத் தரச் சொல்றனுங்க."

எண்ணெய் துடைக்கும் கந்தலை, நல்லதாகப் பார்த்து! பூட்டிய பெட்டிக்கு மேலே என் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டு எனக்கு உண்டான அருவருப்பு இன்றும் அடங்கவில்லை. சாவியை அவர் கையிலிருந்து வாங்கினேன் என்று நாகரிகமாகச் சொல்லலாம். பிடுங்கினேன்.

அதற்குள் புரொடக்சன் மேனேஜர் வந்துவிட்டார். வரும்போதே கேட்டார்: "முனை கெடைச்சுதுங்களா?"

அந்தக் கேள்வி அதற்கு முன்பே பலமுறை என் காதில் விழுந்திருந்தது. செக்கிங்கிலிருந்து வந்தவர் அதைத்தான் கேட்டார். அயர்ன் மேசைக்காரர் அதைத்தான் கேட்டார். ஸ்டோர்க்காரர் போனில் அதைத்தான் கேட்டார். தமிழில் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. அன்று அந்தத் தளத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

மேனேஜர் கையில் உலோகம் காட்டும் கருவி, துணிமேல் தடவும் சிறிய கருவி, இருந்தது. அக்காவை மெஷினிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். "கைய இப்புடி நீட்டுங்க கண்ணு" என்றார். அக்கா அவரைவிட மூத்தவர். ஆனாலும் கண்ணு. நீட்டிய கைமேல் கருவியை ஓட்டினார். மணிக்கட்டில் பேசாமல் இருந்தது. விரல் நுனிக்கு வந்ததும் கிறீச்சிட்டது.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, சாட்சியே, மலர்ந்தது.

"அப்பாடா! துணியில இல்லீங்க. கையிலதான் இருக்குது."

மண்டியிட்டவர்கள் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். ஒருவர் "முருகா" என்றார். எங்கோ ஒரு குழந்தையின் கழுத்து தப்பித்துவிட்டது. அந்த நிம்மதி மெய்யானதுதான். ஆனால் அதே நிம்மதி அக்காவின் விரலை ஒரு டப்பாவாக மாற்றிவிட்டது. பொருள் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, இனி எடுத்துக்கொள்ளலாம்.

கையுறையும் துணிக்கட்டும் எடுத்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணை மூடாதீர்கள் என்று நான் சொன்ன இடம் இதுதான். மெக்கானிக், நூல் கோக்கும் இடுக்கியைக் கையில் வைத்திருந்தார். அதன் நுனியில் எண்ணெய்க் கசடும் பஞ்சுத் துகளும் ஒட்டியிருந்தன. அதைத் தன் பேண்டில் ஒரு முறை துடைத்தார், அதுதான் சுத்திகரிப்பு. சூப்பர்வைசர் அக்காவின் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தார். இடுக்கி நகத்துக்கும் சதைக்கும் நடுவே போயிற்று. துருத்திக்கொண்டிருந்த மயிரிழை, பிடிபடுவதற்குப் பதிலாக, உள்ளே போய் மறைந்தது. அக்கா கத்தவில்லை; தொண்டைக்குள் ஏதோ அறுபடுவதுபோல் ஓர் ஒலி வந்தது. மெக்கானிக் நகத்தின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். "எத்தன வெரல்ல எடுத்திருக்கறேன், இது என்னங்க சும்மா" என்று சொல்லிக்கொண்டே கிளப்பினார். சூப்பர்வைசர் மிக மென்மையாக, "ஒரு நிமிசந்தானுங்க, பல்லக் கடிச்சுக்கோங்க சாமி" என்றார்.

சாமி! சாமிக்கு வெட்டும் கிடாயிடம்கூட அனுமதி கேட்கிறோம், அது தலையாட்டும்வரை காத்திருக்கிறோம்.

நடுவே புகுந்து என் கையை அக்காவின் விரல்மேல் குடைபோல் வைத்தேன். இடுக்கி என் கையுறையில் இடித்து நின்றது.

"எடுக்கக் கூடாது. உள்ளே குத்தி நிற்கும் பொருளை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். நரம்பு இருக்கிறது, எலும்பு இருக்கிறது. இந்த விரலின் உணர்ச்சியை வைத்துத்தான் இவர் பிழைக்கிறார். ஒரு மனித உயிரின் வலிக்கு முன்னால் உங்கள் இலக்கு எம்மாத்திரம்?"

மேடைத் தமிழ்தான். எந்த அரங்கிலும் கைதட்டல் வாங்கும் வாக்கியம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசறீங்க" என்றார். "பாதுகாப்பு வாரத்துல இதையே பேசுங்க. இப்ப கொஞ்சம் தள்ளிக்கோங்க, முனைய ஒட்டுனாத்தான் ஸ்டோர்ல ஊசி தருவாங்க."

அக்காவே என்னைக் கைவிட்டார். "இழுத்துப் போடச் சொல்லு தம்பி. எங்கூர்ல உடமுள்ளு கால்ல இதவிட ஆழமா ஏறும். ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னைக்கு ஷிப்டு கூலி போயிரும்."

மெக்கானிக் மறுபடியும் குனிந்தார். விரலில் எஞ்சியிருந்த உணர்ச்சியும் அந்த இடுக்கியின் நுனியில் நின்றது. அப்போதுதான், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, என் வாயிலிருந்து இது வந்தது:

"ஏனுங்க, உள்ளேயே அது ரெண்டா ஒடிஞ்சுதுன்னா? அப்புறம் ரெண்டு முனை தேடோணும். அட்டையில ஒட்டறப்ப நடுவுல ஒரு துண்டு கொறைஞ்சா ஆடிட்டுல என்ன சொல்லுவீங்க?"

இடுக்கி நின்றது.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் அக்காவின் மணிக்கட்டை விட்டார். "அதுஞ் செரிதானுங்க" என்றார். யாரோ "வேன் எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார். அட்டையில் முனை ஒட்ட வேண்டிய இடத்தில் "இடம்: விரல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். புது ஊசி வந்தது. நான் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் அக்காவின் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து தைக்கத் தொடங்கியிருந்தார். அக்காவின் இரத்தம் பட்ட பீஸைச் சுருட்டி டேமேஜ் கூடையில் போட்டிருந்தார்கள்.

வென்றேன். நான் வென்ற வாதங்களிலேயே நாற்றமடிப்பது அதுதான். வலி என்ற சொல் அங்கே செல்லாத காசு. முனை என்று சொன்னதும் எல்லோரும் மனிதர்களாகிவிட்டார்கள். அக்காவைக் காப்பாற்ற நானும் அவரை ஊசிப் பெட்டியாகத்தான் வருணிக்க வேண்டியிருந்தது. சேற்றைக் கழுவச் சேற்றுநீரே கிடைத்தது எனக்கு.

கட்டுத்துணியைச் சிறு சும்மாடாகச் சுருட்டினேன். குடம் தூக்குகிறவர்கள் தலையில் வைப்பதுபோல, விரல் அளவுக்கு. குத்திய இடம் நடுக்குழியில் வரும்படி வைத்து, எதுவும் அதை அழுத்தாதபடி மேலே தளர்வாகச் சுற்றினேன். யாரோ டீ கொண்டுவந்தார்கள். மரத்துப்போகச் செய்து அறுக்க நேரலாம், வயிறு காலியாக இருக்கட்டும் என்று தடுத்தேன். "டீயக்கூடக் குடிக்க விடமாட்டேங்கறாரு, கல்லு மனசு" என்று ஒரு குரல் என்னைத்தான் சொன்னது.

இன்னொன்று பாக்கியிருந்தது. உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறதென்று மருத்துவர் அறிய, ஒடிந்த ஊசியின் மேற்பாதி வேண்டும். அது அட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. கேட்டேன். மேனேஜர் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். உரித்துக் கொடுக்கும்போது, "பத்திரமாத் திருப்பிக் கொண்டாரோணுமுங்க. முனையுஞ் சேத்தி" என்றார்.

வேன் நொய்யல் பாலத்தில் ஏறியது. உயர்த்திய கையோடு அக்கா துணிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆற்றின் வாடை உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பெட்டிக்கு மேல ஒங்க போட்டோ இருக்குல்ல தம்பி. நான் இத்தன நாளு, பெட்டிய யாரும் தொறந்துரக் கூடாதுன்னு காவலுக்கு ஒட்டியிருக்காகன்னு நெனச்சேன்."

அவர் கை தாழாமல் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன்.

"நீங்க சொன்னதும் சரிதான். ரெண்டா ஒடிஞ்சிருந்தா அவுகளுக்குத்தான் செரமம்" என்றார். ஏளனமா, உண்மையா என்று அவர் முகத்தில் தேடினேன். பிடிபடவில்லை.

மருத்துவமனையில் நான் ஆற்றியது என் வாழ்வின் மிகச் சிறிய உரை. பயிற்சியில் கற்பித்தபடி: எப்போது, எந்தக் கை, எந்த விரல், என்ன பொருள், எண்ணெய் விட்டார்கள், எலாஸ்டிக்கால் கட்டினார்கள், அறுத்துவிட்டேன், இடுக்கியால் கிண்டினார்கள், எதுவும் சாப்பிடவில்லை. மேற்பாதியை நீட்டினேன். மருத்துவர், இளம்பெண், எக்ஸ்ரேயையும் ஊசியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருங்க நோண்டுனது? எலும்பத் தொட்டுட்டு நிக்குது. நோண்டாம வந்திருந்தா மேலாகவே எடுத்திருக்கலாம்."

அப்போது என் போன் அடித்தது. சூப்பர்வைசர். "ஏனுங்க, முனை கெடைச்சுதுங்களா?" துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. அதே மென்மை, அதே 'ங்க'.

நகத்தை எடுத்துத்தான் முனையை எடுத்தார்கள். மரப்பு இறங்கும்வரை நடைக்கூடத்தில் காத்திருந்தோம். அக்கா கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை உடுப்பின் கழுத்துப்பட்டி ஓடும்போது அடித்துணி விலகுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, அந்தச் சுட்டுவிரல் நுனிக்குத்தான் தெரியும். அது தெரியாவிட்டால் பேட்லாக்கில் உட்காரமுடியாது. துணி மடித்துக் கொடுக்கும், கூலி குறைந்த கைமடி வேலைக்குத்தான் போக வேண்டும்.

மருத்துவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டுக்கு வெளியே தெரிந்த நுனியைப் பஞ்சால் வருடினார்.

"தெரியுது. பஞ்சுதான?"

இன்னொரு பக்கம் வருடினார். அக்கா கண்ணை மூடியபடியே காத்திருந்தார். மருத்துவர் பஞ்சை எடுத்துவிட்டார். அக்கா இன்னும் காத்திருந்தார்.

"தொடுங்க டாக்டர்" என்றார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "நோண்டுன பக்கம்" என்றார் மெதுவாக. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், மாதங்கள் ஆகும் என்று அக்காவிடம் விளக்கினார். அக்கா கேட்டுக்கொண்டு, "ஒரு பக்கம் இருக்குல்ல" என்றார்.

மாலையில் முனையோடு தளத்துக்குத் திரும்பினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன், குழந்தைகளின் கழுத்தோடு எனக்குப் பகையில்லை. அட்டையைச் சுற்றிக் கூடினார்கள். இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, முழு ஊசி என்று தலையசைத்தார்கள். மேனேஜர் ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்; அன்று அந்தத் தளத்தில் யாரும் எதையும் அவ்வளவு பரிவோடு தொட்டு நான் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

"நீங்க இன்னும் ஒண்ணு கேக்கலீங்களே" என்றேன்.

சற்று யோசித்தார். "ஊசி நம்பருங்களா? அது அப்பவே எழுதியாச்சுங்களே."

நான் ஒலிபெருக்கி இருந்த மூலைக்குப் போனேன். இலக்கு அறிவிக்கும் நேரமல்ல. மைக்கைப் போட்டதும் தலைகள் நிமிர்ந்தன. காலையில் செல்லுபடியாகாத மேடைத் தமிழை அங்கே மறுபடியும் எடுக்க மனம் வரவில்லை. அவர்கள் மொழியில், என் மொழியில், சொன்னேன்:

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பேட்லாக் அக்காவுக்கு வெரல் இருக்குதுங்க. நுனியில ஒரு பக்கம் உணர்ச்சி இல்லீங்க. யாரும் கேக்கலீங்க, நானாச் சொல்றனுங்க. இனி இந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லீங்க. பூட்டுனா என் போட்டோவக் கிழிச்சுட்டுப் பூட்டுங்க. இன்னைக்கிருந்து இங்க யாரு கையில ஊசி ஏறுனாலும் 'வலிக்குதுங்களா'ன்னுதான் மொதல்ல கேப்பேன். அவங்க அதுக்குப் பதில் சொல்லி, டாக்டர் கையப் பாக்கற வரைக்கும், முனை எங்கீங்கன்னு கேட்டுட்டு வர்ற ஒருத்தரையும், அது யாரா இருந்தாலுஞ் செரி, அந்த வெரலுக்குக் கிட்ட விட மாட்டனுங்க."